செலரிக் கிழங்குக்குப் புளி கடைசியில்தான்

சந்தைக்குக் கட்டுக் கட்டாக வரும் செலரியின் அடியில் கிழங்கைத் தேட வேண்டாம். அது தழைக்காக வளர்க்கிற வகை. பிடுங்கினால் சல்லிவேர்தான் வரும். கிழங்கு வைப்பது அதே இனத்தில் வேறு வகை, அதற்கு விதையும் வேறு. தோட்டத்தில் போடுகிறவர்கள் விதையை மண்ணால் மூடாமல் மேலே தூவி லேசாக அழுத்திவிட வேண்டும். வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும், அதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகும். நாற்று நட்டபின் ஏறத்தாழ நான்கு மாதம் பாத்தி காயவே கூடாது. காய்ந்தால் கிழங்கு பருக்காது, நாரும் ஓடும்.

வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறி இலேசாக இருந்தால் நடுவில் பஞ்சு விழுந்திருக்கும், அல்லது பொந்தாக இருக்கும். மிகப் பெரியதில்தான் இந்தக் குறை அதிகம். 500 முதல் 800 கிராம் வரை உள்ளது நல்லது. தழையை வெட்டிவிட்டு, கழுவாமல், பையில் சுற்றி பிரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் தாங்கும்.

தோல் சீவும் கருவி இதற்கு உதவாது. மேலும் கீழும் வெட்டி, பலகையில் நிமிர்த்தி வைத்து, கத்தியால் மேலிருந்து கீழாகச் செதுக்குங்கள். அடிப்பக்கத்தில் வேர்கள் பின்னிக்கிடக்கும் இடுக்கில் மண் ஒளிந்திருக்கும். அங்கே தயங்காமல் ஆழமாக வெட்டிவிடுங்கள். கால்வாசியாவது கழிவாகப் போகும், அதையும் கணக்கில் வைத்தே வாங்க வேண்டும்.

வெட்டிய துண்டு காற்றுப்பட்டதும் பழுப்பாகும். உடனே தேசிக்காய்ப்புளித் தண்ணீரில் போடச் சொல்வார்கள். பச்சையாகச் சாப்பிடுவதற்கு அது சரி. கறிக்கு வேண்டாம், வெறும் தண்ணீரில் முங்க வைத்தாலே போதும். புளிப்பு ஏறிய கிழங்கு இலகுவில் வேகாது. காய்கறியின் சதையைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின், புளிப்பு இருக்கும்வரை கரைந்துகொடுக்காது. தேசிக்காய், கொறுக்காய், தக்காளி எதுவானாலும் கிழங்கு வெந்த பிறகுதான் சேர வேண்டும்.

மலையில் இதை இன்னும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 96. கொதிநிலை குறைந்தால் வேகும் நேரம் நீளும். வெளிநாட்டுச் சமையல் குறிப்பில் 15 நிமிடம் என்று போட்டிருந்தால் நுவரெலியாவில் 20 முதல் 25 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். தீயைக் கூட்டுவதால் பயனில்லை, தண்ணீர்தான் வற்றும்.

நம் அடுப்புக்கு இதன் மிக நல்ல உருவம் பால்கறி. தோல் நீக்கிய கிழங்கு 500 கிராம், இரண்டு சென்டிமீற்றர் துண்டுகளாக. ஒரு பெரிய வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் மூன்று, வெள்ளைப்பூடு இரண்டு பல், கறிவேப்பிலை ஒரு கொத்து, மஞ்சள் கால் தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. எல்லாவற்றையும் சட்டியில் போட்டு இரண்டாம் பால் 400 மில்லிலீற்றர் ஊற்றி, மூடி, சிறுதீயில் வையுங்கள். வறுத்த கறித்தூள் போட வேண்டாம், கிழங்கின் வாசம் அதில் அமுங்கிவிடும். றம்பையும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரண்டு வாசமும் ஒன்றோடொன்று மோதும்.

வேகும்போது துண்டைக் கவனியுங்கள். முதலில் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கி கண்ணாடி போல நிறம் மாறிக்கொண்டு வரும். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியும்வரை வேகவில்லை. பொட்டு மறைந்து, கத்தி நுனியில் குத்தித் தூக்கினால் துண்டு தானாக வழுகி விழுந்தால் பதம். அப்போது முதற்பால் 150 மில்லிலீற்றர் விட்டுக் கிளறுங்கள். சட்டியின் ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் பால் திரையும். சூடு சற்றுத் தணிந்தபின் மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, தேசிக்காய்ச்சாறு ஒரு தேக்கரண்டி. ரொட்டிக்கும் சோற்றுக்கும் நன்றாகச் சேரும்.

உருளைக்கிழங்கு போல நினைத்து மசித்தால் கூழாகும். மாப்பொருள் குறைவு, தண்ணீர் அதிகம். அவித்து வடித்த பிறகு வெறும் சட்டியில் மூன்று நான்கு நிமிடம் புரட்டி ஆவி போக விடுங்கள். சட்டியின் அடியில் மெல்லிய படலம் ஒட்டத் தொடங்கும், அதுதான் அடையாளம். மசியலுக்கு உருளைக்கிழங்கு சம அளவு. கட்லட் என்றால் உருளைக்கிழங்கு இரண்டு பங்கு, இது ஒரு பங்கு. அதற்குமேல் போட்டால் எண்ணெயில் வெடித்துப் பிரியும். டின் மீன் கலப்பதானால் நீரை ஒட்டப் பிழிந்துவிட்டுக் கலக்க வேண்டும்.

செலரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கிழங்கும் ஆகாது, சமைத்தாலும் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொதிகளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் செலரியும் ஒன்று. விருந்தினருக்குக் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

பச்சையாகச் சம்பலும் போடலாம். பிரான்சில் இதைக் கடுகு மயோனைசில் கலந்து பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். 200 கிராமைத் தீக்குச்சி போல நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழியுங்கள். துருவிய தேங்காய் மூன்று மேசைக்கரண்டி, நான்கு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், தேசிக்காய்ச்சாறு ஒரு மேசைக்கரண்டி, விரும்பினால் இடித்த மாசி. பிழியாமல் விட்டால் பரிமாறுவதற்குள் தட்டில் தண்ணீர் நிற்கும். துருவியில் துருவினாலும் அதே கதி, கத்தியால் நறுக்கியதுதான் மொறுமொறுப்பாக நிற்கும்.