குண்டு தலையை நுழைத்த நாள்

மொட்டை மாடியில் என் கிளி குண்டு தோளில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், "கால்ல கயிறு கட்டலையா கண்ணு, பறந்துடப் போவுது." கயிறு இருக்கிறது அக்கா, காலில் இல்லை என்று இறக்கையைக் கொஞ்சம் விலக்கி ஹார்னஸை, அதாவது கயிறு கோத்து உடம்பில் மாட்டும் வாரைக் காட்டினேன். தயவுசெய்து யாரும் காலில் கட்டாதீர்கள். பயந்து எழும்பும் பறவையின் மொத்த இழுப்பும் அந்தக் குச்சிக் காலில் விழுந்தால் எலும்பு முறிந்துவிடும். ஹார்னஸ் உடம்பைச் சுற்றி இரண்டு இறக்கைக்கும் அடியில் போவதால் இழுப்பு உடம்பில் பரவிவிடும்.

குண்டு ஒரு சன் கானூர், தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கத்துக் கிளி இனம். குஞ்சாக வந்தபோது பெரும்பாலும் பச்சை. அப்புறம் மஞ்சளும் ஆரஞ்சும் ஏறியது, நம்ம சேலம் குண்டு மாம்பழம் பழுக்கிற மாதிரி. பெயர் அப்படி வந்தது. எடை 110 கிராம்தான். (நம்மூர்ப் பச்சைக்கிளிக்கும் இப்படிப் பழக்கலாமா என்று கேட்கிறார்கள். அதை வீட்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சன் கானூரையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும்.)

இதற்கு முன்னால் காக்கடீல் என்கிற கொண்டைக் கிளி ஒன்று வைத்திருந்தேன். இறக்கையை வெட்டிவிட்டால் எங்கேயும் போகாது என்று வாங்கிய இடத்தில் சொன்னதை நம்பி, ஆடி மாதம் ஒரு சாயங்காலம் மாடிக்குக் கொண்டு போனேன். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 90 கிராம் உயிர் எம்மாத்திரம். ஒரு காக்கா தாழப் பறந்தது, இது திடுக்கிட்டு எழும்பியது, வெட்டின இறக்கையையும் காற்று தூக்கிக்கொண்டது, புளியமரத்துக்கு மேலே போய் மறைந்ததுதான். நாலு நாள் கோரிமேட்டில் தெருத்தெருவாக விசிலடித்துக்கொண்டு அலைந்தேன். கிடைக்கவில்லை. அந்தக் கூண்டை ரொம்ப நாள் கழுவாமலே வைத்திருந்தேன்.

அதனால் குண்டு விஷயத்தில் அவசரமே படவில்லை. முதல் இரண்டு வாரம் ஹார்னஸைக் கூண்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வைத்தேன். அதைப் பார்த்துப் பின்வாங்காமல் இருந்தால் தினைக்கதிரில் ஒரு கிள்ளு, அலகால் தொட்டால் இன்னொரு கிள்ளு. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடி விரட்டிய கிளியை, நான் அதே தினையைக் காட்டிக் கிட்டே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கஷ்டமான இடம் தலையை நுழைப்பது. வளையத்தை விரல்களால் அகலமாக விரித்து, தினையை அந்தப் பக்கம் பிடிக்க வேண்டும். நாம் வளையத்தைத் தலைமேல் கொண்டு போகக் கூடாது, அதுவாக வர வேண்டும். குண்டு கழுத்தை நீட்டும், வார் கன்னத்து இறகில் உரசியதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இப்படியே பத்தொன்பது நாள். "புடிச்சு மாட்டி விட்டுடு கண்ணு, இதுக்குப் போயி" என்றார் அம்மா. ஒரு முறை அமுக்கிப் பிடித்து மாட்டினால் அடுத்த முறை என் கையைப் பார்த்தாலே ஓடும் என்று சொல்லிப் புரியவைத்தேன். இருபதாம் நாள் காலையில் தலை முழுசாக உள்ளே வந்து, வளையம் தோளில் உட்கார, குண்டு எதுவும் நடக்காத மாதிரி தினையைக் கொறித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கை நடுங்கியது.

மாட்டிய பிறகு இரண்டு விஷயம் பாருங்கள். வாருக்கு அடியில் மடங்கிய இறகுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட வேண்டும். அப்புறம் நெஞ்சுப் பக்கம் இறுக்கவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. தளர்வாகவும் விடக் கூடாது, இறக்கை வாரில் மாட்டிக்கொள்ளும். குண்டு எதையும் கடித்துப் பார்க்கும் என்பதால் தினமும் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுகிறேன். கயிற்றில் கொஞ்சம் எலாஸ்டிக் இருந்தால் நல்லது, பறந்து கயிறு முடிகிற இடத்தில் வெட்டி இழுக்காது.

இவ்வளவு பாடு எதற்கு, ஜன்னல் பக்கம் வைத்தால் போதாதா என்றால், வைட்டமின் டி-க்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆனால் சேலம் வெயிலில் காலை ஏழரைக்கு மேல் மாடியில் நிறுத்துவதில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தாலோ உடனே கீழே.

போன ஞாயிறு ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் குண்டு சின்னக் கூண்டுக்குள்தான். மேலே ஒரு காபித் தோட்டத்தில், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் நிழலில் ஹார்னஸை நீட்டினேன், தலையை நுழைத்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வல்லூறு மரங்களுக்கு மேலே போனது. குண்டு இறகெல்லாம் உடம்போடு ஒட்ட, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. உள்ளங்கையால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கைக்குள் அதன் இதயம் படபடவென்று அடித்தது. வல்லூறு போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் அம்மா நீட்டிய தினையை வாங்கியது.