மூன்று மாதத்துக்குப் பிறகு மிதி நின்றது

போன ஞாயிறு பின்னேரம் நாலரை மணிக்கு என் லேண்ட் ரோவரின் பிரேக் மிதி கல் மாதிரி நின்றது. ஒரே மிதியில். இரண்டாம் தரம் பம்ப் பண்ணவே தேவைப்படவில்லை. மெல்ல இறங்குகிறதா என்று பார்க்கக் காலை எடுக்காமல் ஐந்து நிமிடம் அப்படியே அழுத்திக்கொண்டு இருந்தேன். இறங்கவில்லை. தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முந்தித் தொடங்கிய வேலை, சித்திரை வருஷம் வந்த பிறகுதான் வழிக்கு வந்திருக்கிறது.

வண்டி சீரிஸ் 3, முன் பின் சக்கரத்துக்கு நடுவே 109 அங்குலம் உள்ள பிக்கப். 2286 சிசி பெற்றோல் எஞ்சின், மிதிக்குக் கை கொடுக்கும் சேர்வோ இல்லாத, நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதையுள்ள ஒற்றை லைன் பிரேக், 7.50-16 ரயர். சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையின் பின்வளவில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே கிடந்ததை வாங்கினேன். அது முன்பு இராணுவத்தில் ஓடியது என்று ஆலைக்காரர் வாயால் சொன்னார். நான் நம்பியது பின் அக்சிலைச் சுரண்டியபோதுதான். விரல் மொத்தச் சேறும் கிறீஸும் கழன்றதும், அக்சிலில் உருண்டு நிற்கும் டிஃபரென்ஷலின் பின்பக்கம் வெள்ளைப் பெயின்ற் தெரிந்தது, அதற்கு மேலே சின்ன விளக்கு ஒன்று பூட்டும் தகடு. பிரித்தானிய இராணுவப் பழக்கம் அது. இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு வரிசையாக ஓடும்போது, பின்னால் வரும் சாரதி அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் இடைவெளி பிடிப்பார். அந்த வெள்ளையை மட்டும் நான் தேய்க்கவில்லை. கழுவி, மேலே வார்னிஷ் பூசி வைத்திருக்கிறேன்.

எஞ்சினும் கியர்பொக்ஸும் போன வருஷமே முடிந்தவை. இனி பிரேக்.

109 வைத்திருப்பவர்களுக்கு இதன் முன்சக்கரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 11 அங்குல ட்ரம், ஒரு சக்கரத்துக்கு மேலொன்று கீழொன்றாக, ஷூவைத் தள்ளி ட்ரம்மோடு அழுத்தும் இரண்டு சிலிண்டர், இரண்டையும் இணைக்கும் ஒரு சின்னக் குழாய். நன்றாக வேலை செய்தால் சுமையோடும் பிடித்து நிறுத்தும். ஆனால் எயார் எடுக்க, அதாவது எண்ணெய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற, வெளிக்கிட்டால் மனுஷனை அழவைத்துவிடும். மிதி தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் புதிது, மூன்று ரப்பர் ஹோஸும் புதிது, செப்புக் குழாய் எல்லாம் புதிதாக வளைத்துப் போட்டது. ஒழுக்கு ஒரு துளி இல்லை. மாஸ்டரிலிருந்து தூரமான பின் இடதில் தொடங்கி, வலம் வந்து நாலு சக்கரத்திலும் எயார் எடுத்தால், மிதி பாதித் தூரம் போய்ப் பஞ்சு மாதிரி நிற்கும். பம்ப் பண்ணினால் மேலே வரும். ஒரு நிமிடம் விட்டால் மறுபடி பஞ்சு.

அக்கா மகன்தான் எனக்கு மிதி மிதிப்பவன். அவன் மிதிக்க, சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளை நான் திறந்து பூட்டுவேன். "மாமா, பிடிச்சிட்டன்." "விடாத." "போகுது மாமா." "பிடி, பூட்டிட்டன்." இந்த நாலு வசனத்தையும் மூன்று மாதமாகச் சொல்லியிருக்கிறோம். அரை லீற்றர் பிரேக் ஒயில் ஏழு போத்தல் போயிருக்கும். வடிந்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், எங்கள் வீடோ ஒருபக்கம் வாவி, ஒருபக்கம் கடல் என்று கல்லடியில் இருக்கிறது. மூடி திறந்த போத்தலை அடுத்த ஞாயிறு வரை வைத்துப் பாவிக்க எனக்கு மனமில்லை.

முதலில் எல்லோரும் சொல்வதைச் செய்தேன். நாலு சக்கரத்திலும் அட்ஜஸ்டரை இறுக்கி, ஷூ ட்ரம்மோடு ஒட்டி அசையாமல் நின்றபிறகு மிதித்துப் பார்த்தேன். அப்போது மிதி கல்லாக நின்றால் எயார் இல்லை, ஷூ தூரமாக இருக்கிறது என்று பொருள். அப்போதும் பஞ்சாக இருந்தால் உள்ளே எயார்தான். என்னுடையது பஞ்சாகவே இருந்தது. மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பியையும் பார்த்தேன். மிதியை விட்டதும் அதற்கும் பிஸ்டனுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, தொட்டியிலிருந்து எண்ணெய் இறங்கும் துளையும் திறக்காது. அது சரியாகவே இருந்தது.

அப்புறம்தான் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்க்கும் யோசனை வந்தது. இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். 109 இல் ரப்பர் ஹோஸ் மூன்றே மூன்று: முன்னுக்கு இரண்டு, பின் அக்சிலுக்கு ஒன்று. மூன்றையும் வாய் உருண்ட கிளாம்பால் நெரித்துவிட்டு மிதித்தேன், கல். அப்படியென்றால் மாஸ்டரிலும் மேல் குழாய்களிலும் பிழையில்லை. பின் ஹோஸின் கிளாம்பை மட்டும் கழற்றி மிதித்தேன், கல். முன் வலதைத் திறந்தேன், கொஞ்சம் இறங்கி நின்றது, அது வழமைதான். முன் இடதைத் திறந்ததும் மிதி தரைக்குப் போகிற மாதிரிப் போனது. மூன்று மாதம் நாலு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவனுக்கு அரைமணித்தியாலத்தில் ஒரே சக்கரம் கையில் கிடைத்துவிட்டது. கிளாம்புக்குக் கூரான வாய் வேண்டவே வேண்டாம், ரப்பர் உள்ளே வெடித்துவிடும். பழைய ஹோஸாக இருந்தால் இந்த வேலைக்கே போகாதீர்கள், முதலில் ஹோஸை மாற்றுங்கள்.

என் கிளாம்புகளைச் செய்து தந்தவர் காத்தான்குடியில் லேத் வைத்திருக்கும் காக்கா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இரும்பில் அவர் கைபட்டால் அதற்குத் தனி வடிவு. சரி, சக்கரம் தெரிந்தது, இனி என்ன என்று கேட்க இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டு அவரிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, எயார் மேல போற சாமான். வலப்பக்கம் நிப்பிள் மேல இருக்கு. இடப்பக்கம் கீழ இருக்கு. மேல நிக்கிற எயார் கீழ எப்பிடி வரும்?"

அவ்வளவுதான் விஷயம். ஆலையில் இருந்த காலத்தில் யாரோ இடது சக்கரத்துக்கு வலதுபக்கச் சிலிண்டரைப் பூட்டியிருக்கிறார்கள். சிலிண்டர் பார்க்கப் புதிதாக இருந்ததால் நான் அதைக் கழற்றாமல் விட்டேன். கழற்றி வலதோடு வைத்துப் பார்த்திருந்தால் தைப்பொங்கலன்றே தெரிந்திருக்கும். மேல் சிலிண்டரில் எயார் ஒரு முட்டையாக நின்றுகொண்டிருக்க, கீழே நான் நல்ல எண்ணெயை வடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிலிண்டருக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்குச் சொன்னேன். இடதுக்கு உரியது வேண்டும், படமும் அனுப்புகிறேன் என்றேன். "எல்லாம் ஒன்றுதான்" என்று இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். காலையில் பொட்டலத்தைப் பிரித்தால் மறுபடி வலது. எல்லாம் ஒன்றல்ல! வேறொரு கடைக்காரர் அலுமாரியின் அடித்தட்டில் தேடி, நிப்பிள் துளையை விரலால் தொட்டுக் காட்டி வீடியோ எடுத்து அனுப்பிய பிறகுதான் காசு போட்டேன். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 இல் திரும்பத் திறக்கும் வரை இருந்த வருஷங்களில் இந்தப் பழைய வண்டிகளைத் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள், சாமானுக்கும் அடிபிடி. 1985 இல் முடிந்த சீரிஸுக்கு இன்னும் சிலிண்டர் கிடைக்கிறதே என்று எனக்கு ஒருபக்கம் சந்தோஷம்தான்.

போன ஞாயிறு பூட்டினேன். இம்முறை ட்ரம்மைப் போடாமல், ஷூவையும் கழற்றிவிட்டு, தச்சர் பாவிக்கும் ஜீ கிளாம்பால் இரண்டு பிஸ்டனையும் உள்ளே தள்ளி அசையாமல் பிடித்து வைத்தேன். பிஸ்டன் உள்ளே இருந்தால் சிலிண்டருக்குள் எயார் நிற்க இடம் குறைவு. நிப்பிளுக்கு அங்குல அளவு ரிங் ஸ்பேனர்தான் வேண்டும், மில்லிமீற்றர் ஸ்பேனரைப் போட்டு வழுக்கவிட்டால் தலை உருண்டுவிடும். நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் மறுமுனை ஜாம் போத்தலில், எண்ணெய்க்குள் அமிழ்ந்து இருந்தது. முதல் மிதிக்கு வெறும் எண்ணெய். இரண்டாவதுக்கும் எண்ணெய். மூன்றாவதில் குழாய்க்குள் எண்ணெயே இல்லாமல் ஒரு சாண் நீளத்துக்கு வெறும் காற்று ஓடி வந்து போத்தலுக்குள் பொளுக் என்று வெடித்தது. மருமகன் மிதியிலிருந்து இறங்கி ஓடிவந்து பார்த்தான். பிறகு கடுகு மாதிரிப் பொடிக் குமிழ்கள், பிறகு ஒன்றுமில்லை. பிரேக் ஒயில் மட்கார்டில் இரண்டு சொட்டுத் தெறித்துவிட்டது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினோம், இல்லாவிட்டால் புதுப் பெயின்றைத் தோலாக உரித்துவிடும்.

அந்தப் பெயின்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஆலைக்காரர் அடித்த நீலத்துக்குக் கீழே திட்டுத்திட்டாகப் பச்சை தெரிந்தது. அம்மா திண்ணையை விட்டு இறங்கவில்லை. "அந்தப் பச்சையத் தேய்ச்சுப்போட்டு உள்ள கொண்டா மனே" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் அந்த நிறத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆறு நாள் வேலிக்கு வெளியே நிறுத்தி, கதவின் உள்மடிப்பு வரைக்கும் தேய்த்தேன். இராணுவ வண்டியை இராணுவ நிறத்திலேயே வைக்க வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. என் வண்டி எங்கள் முற்றத்தில் நிற்க வேண்டும், அம்மா அதில் ஏறி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு வரவேண்டும். இப்போது அது தயிர் நிறம். உடம்பு அலுமினியக் கலவை என்பதால் அதற்குரிய எச் பிரைமர் போட்டுத்தான் அடித்தேன், சாதாரணப் பிரைமர் ஒரு மாரிக்கே செதில் செதிலாகக் கழன்றுவிடும். அலுமினியத் தகடு இரும்பில் உட்காரும் இடமெல்லாம் நடுவில் ரப்பர் பட்டி வைத்தேன். உப்புக்காற்றின் ஈரம் இரண்டுக்கும் நடுவே போனால் அலுமினியம் வெள்ளை மாவாகக் கொட்டும். கால் வைக்கும் தகடு இரண்டும் இரும்பு, இரண்டும் ஏற்கெனவே உக்கியிருந்தன. வெட்டிப் புதுத்தகடு வைத்த கதையைத் தனியாக எழுதுகிறேன்.

இன்னும் முன் இடது ட்ரம் பூட்டவில்லை. ஷூவைப் போட்டு, அட்ஜஸ்ட் பண்ணி, மறுபடி ஒருக்கா எயார் பார்க்க வேண்டும். அதற்குள் கைபிரேக்கில் கை வைத்துவிட்டேன். சக்கரத்தில் பிடிக்காமல், முன் பின் அக்சிலுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பொக்ஸுக்குப் பின்னாலுள்ள ட்ரம்மில் பிடிக்கும் பிரேக் அது. அங்கே சீல் கசிந்து ஷூ முழுக்க கியர் ஒயிலில் ஊறிக் கிடக்கிறது. சீலுக்கு அந்த வீடியோ எடுத்து அனுப்பிய கடைக்காரரிடமே சொல்லியிருக்கிறேன், வெள்ளி இரவு பஸ்ஸில் வருகிறது. அக்கரைப்பற்றில் ஒருவர் ரேடியோ பூட்டிய இராணுவ லேண்ட் ரோவர் ஒன்று வைத்திருக்கிறார், 24 வோல்ட், வயரிங் முழுவதும் உலோக உறைக்குள். அதை வந்து பார்க்கச் சொல்கிறார். சனிக்கிழமை சீல் பூட்டி, ட்ரம்மையும் மூடிவிட்டால் முதலில் கல்லடிப் பாலம் வரை ஒரு ஓட்டம். பிரேக் வலம் இடம் இழுக்காமல் நேராக நின்றால் அடுத்த கிழமை அக்கரைப்பற்று.