கள்ளி பார்க்கப் புறப்பட்ட கதை

எங்கள் மதிலோரம் நாற்பத்தொரு கள்ளிச் சாடிகள் இருக்கின்றன. அதற்குக் காரணம் திருகோணமலை மான்கள். கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் நகரத் தெருக்களிலும் உரிமையோடு உலாவும் அந்தப் புள்ளிமான்களைக் கண்டால் வெளியூர்க்காரர்கள் உருகிப்போகிறார்கள். என் ரோசாவை மொட்டும் முள்ளுமாக மென்றபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற மானை அவர்கள் கண்டதில்லை. மூன்று தடவை நட்டு மூன்று தடவையும் பறிகொடுத்த பிறகுதான் கள்ளிக்கு மாறினேன். அதில் மான் வாய் வைப்பதில்லை. நானும் கை வைப்பதில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் மகள் ஒரு நாள் தொலைபேசியில், "அப்பா, உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கு அரிசோனாவுக்குப் போவோம். பாலைவனத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல ரிசார்ட் ஒன்றில் மூன்று நாள் தங்கலாம்" என்றாள். அன்று மாலையே ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே எழுதினேன்: பீனிக்ஸ் பாலைவனத் தாவரவியல் பூங்கா, திறந்தது 1939, பரப்பு 140 ஏக்கர்.

அந்தப் பூங்காவின் நாயகன் ஆளுயரத்தை விட ஆறேழு மடங்கு வளர்ந்து, கையை உயர்த்திக்கொண்டு நிற்கும் 'சகுவாரோ' கள்ளி. அதைச் 'சவாரோ' என்றுதான் உச்சரிக்க வேண்டும் என்று மகள் திருத்தினாள். முதல் கை முளைக்கவே ஐம்பது முதல் எழுபத்தைந்து வருடங்கள் ஆகும் என்று மனைவியிடம் பரவசத்தோடு வாசித்துக் காட்டினேன். "உங்கள் பதவி உயர்வை விடக் கொஞ்சம்தான் தாமதம்" என்றாள்.

எந்த மாதம் போவது என்பதில் திட்டம் சிக்கிக்கொண்டது. சவாரோ பூப்பது மே, ஜூனில். ஒவ்வொரு பூவும் இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலுக்குள் வாடிவிடும். ஆகவே ஜூன் என்று கொப்பியில் எழுதிச் சிவப்பு மையால் கோடும் போட்டேன். பிறகுதான் வெப்பநிலையைப் பார்த்தேன். ஜூனில் அங்கே நாற்பது பாகையைத் தாண்டுவது சாதாரணம். 2023இல் தொடர்ந்து 31 நாட்கள் 43 பாகைக்குக் குறையாமல் கொளுத்தியிருக்கிறது. "கச்சான் காற்று அடித்தால் ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கதிரையை விட்டு எழும்பாத மனிதர் நீங்கள்" என்றாள் மனைவி. ஜூனை வெட்டி மார்ச் என்று எழுதினேன். மார்ச்சில் சவாரோ பூக்காது. மார்ச்சை வெட்டினேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் இப்போதும் மழையில் நனைந்த சோதனை விடைத்தாள் போலத்தான் இருக்கும்.

அடுத்தது பணம். அமெரிக்க ரிசார்ட்டுகள் பலவற்றில் அறை வாடகைக்கு மேலாக 'ரிசார்ட் கட்டணம்' என்று நாளுக்கு ஒரு தொகை உண்டு. அதாவது, அறைக்கு ஒரு காசு, அந்த அறை ரிசார்ட்டில் இருப்பதற்கு இன்னொரு காசு. மகளின் வீட்டிலிருந்து பீனிக்ஸுக்குக் காரில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் என்றும் எழுதியிருந்தேன். மனைவி ஒரு காலத்தில் புவியியல் படிப்பித்தவள். "பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்குமே 430தான். நாடு முடிந்து கடலுக்குள்ளும் போக வேண்டும்" என்றாள். உலர் வலயச் செடிகள்தான் வேண்டுமென்றால் அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலவில் 300 ஏக்கரில் ஒரு தாவரவியல் பூங்கா இருக்கிறதே என்றும் சொன்னாள். சவாரோ அங்கே இல்லை என்று சொல்லித் தப்பினேன்.

கடைசிப் பக்கத்தில் 'கொண்டுவர வேண்டிய கன்றுகள்' என்று பதினேழு பெயர்கள் இருந்தன. மகள் ஒரே மூச்சில் அத்தனையையும் அடித்துவிட்டாள். கள்ளிக் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லா இனங்களும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கின்றனவாம். அனுமதிப்பத்திரமும் தாவர நோய்ச் சான்றிதழும் இல்லாமல் சின்னக் கன்றைக்கூடப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

இதற்கிடையில் மனைவி தன் அக்காவிடம் தொலைபேசியில், "இவர் இந்த வயதில் ஒரு கள்ளியைத் தேடி அமெரிக்காவுக்குப் போகப் போகிறாராம்" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் மச்சாள் பாலையூற்றிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். பிட்டுச் சாப்பிடும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, குடும்பம் என்றால் என்ன என்று அரை மணிநேரம் எனக்கு விளங்கப்படுத்தினார். சீ.ஆர். கொப்பியைக் காட்டித்தான் தப்பினேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கொப்பியை மூடி வைத்துவிட்டு, "பாலைத் திணைக்கு உரிப்பொருள் பிரிவு. தம்பி தனியாகவே போய் வரட்டும்" என்று தீர்ப்பும் வழங்கினார். மனைவி அதை ஆமோதித்த வேகம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அரிசோனாவுக்கு முன் ஓர் ஒத்திகை பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். நிலாவெளிப் பக்கம் ஒரு பெரிய ரிசார்ட்டில் ஓர் இரவு. வரவேற்பு மண்டபத்துக்கு அருகில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, அழகான கள்ளித் தோட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். அங்கேதான் முயற்காதுக் கள்ளியைக் கண்டேன். மெக்சிகோவுக்கு உரியது. நம்மூர் நாகதாளிக்கு உறவு. பெரிய முள்ளே கிடையாது. தட்டுத் தட்டான தண்டில் மஞ்சள் நிறப் பஞ்சுப் பொட்டுகள் மட்டும்.

"இதைப் பாரும், பூனைக்குட்டி மாதிரி!" என்று மனைவிக்குத் தடவிக் காட்டினேன்.

அந்தப் பஞ்சு முழுவதும் முள். ஒவ்வொரு பொட்டிலும் நூற்றுக்கணக்கில், மயிரை விட மெல்லியதாக, தூண்டில் போலக் கொக்கியோடு இருக்கிறது. பட்டவுடன் கழன்று தோலுக்குள் இறங்கிவிடும். இதெல்லாம் கொப்பியின் ஒன்பதாம் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு நண்டுக்கறி, இறால், இடியப்பம் என்று மேசை நிறைந்திருந்தது. எனக்கு வலது கையின் ஐந்து விரல்களையும் மடக்க முடியவில்லை. கரண்டி பிடித்தால் கண்ணில் நீர் வந்தது. இடது கையால் முயன்று ஓர் இறாலைப் பக்கத்து மேசைக்கு அனுப்பிவிட்டேன். மனைவி பெருமூச்சு விட்டபடி கதிரையை இழுத்து அருகில் போட்டுக்கொண்டு, இடியப்பத்தைப் பிசைந்து ஊட்டத் தொடங்கினாள். பக்கத்து மேசை வெள்ளைக்காரத் தம்பதி எங்களைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். அந்த அம்மா பரிசாரகரைக் கூப்பிட்டு ஏதோ காதில் சொன்னார். பத்து நிமிடத்தில் மெழுகுதிரி ஏற்றிய கேக் ஒன்று வந்தது. நாலு பரிசாரகர்கள் கைதட்டித் திருமணநாள் வாழ்த்துச் சொன்னார்கள்.

எங்கள் திருமணநாள் தை மாதத்தில். இது ஆனி.

"இல்லை என்று சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"பேசாமல் வாயைத் திறவுங்கள்" என்றாள். கேக்கையும் ஊட்டினாள்.

இரவு ஒரு மணிவரை கட்டிலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, குறட்டினால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வெளியே அலைச் சத்தம். அறுபதுக்கு மேல் எண்ணிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அந்த அமெரிக்கத் தோட்டத்தில் செடிகளைத் தொட விடுவார்களா?"

"விடமாட்டார்கள். பாதையை விட்டு இறங்கவே கூடாது."

"அப்படியென்றால் டிக்கெட் போடச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த விரலைப் பிடித்தாள்.