மழைக்குப் பின் ஒன்பதாம் நாள்

"இப்போ இங்க என்ன பூ சீசன்?" பினாங்குக்கு வந்த புதிதில் இதைக் கேட்காத தமிழ்நாட்டுக்காரர் அபூர்வம். கையில் காமிராவும் இருந்து, ஆவணியும் பிறந்துவிட்டால் கேள்வி தானாக வாயில் வரும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொல்லும் பதில்: "சீசனா? மழை பெய்யும், இல்லன்னா பெய்யாது. அவ்வளவுதாண்ணே." சுருக்கென்று தைக்கும். ஆடிக்காற்று ஓய்ந்ததும் வேலியோரம் செங்காந்தள் தேடிப் போய்ப் பழகியவர்களிடம், மாதத்துக்கு இங்கே வேலையில்லை என்றால் எப்படி?

பதில் பாதிதான் சரி. மழையை வைத்தே நாள் குறிக்கும் ஒரு பூ இங்கே இருக்கிறது. புறா ஆர்க்கிட், மலாயில் அங்ரிக் மெர்பாத்தி, தாவரவியல் பெயர் டெண்ட்ரோபியம் குருமெனாட்டம். காடு மலை ஏற வேண்டாம். பழைய சாலைகளில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளை அண்ணாந்து பார்த்தால், பெரணிகளுக்கு நடுவே கற்றைகற்றையாகத் தொங்கும். பூ இல்லாத நாளில் காய்ந்த குச்சி போல இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதன் மொட்டு ஓரளவு வளர்ந்து அப்படியே தூங்கிவிடும். சுட்டெரிக்கும் பிற்பகலில் திடீரென்று பெருமழை கொட்டி வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் சட்டென்று இறங்கினால் எழுந்துகொள்ளும். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள், அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே விடியலில் பூத்துவிடும். வெள்ளைப் பூ, உதடு போன்ற நடு இதழில் மஞ்சள் தீற்றல், நல்ல வாசனை. பூவுக்கு ஆயுள் ஒரே நாள், பொழுது சாய்ந்தால் வாடிவிடும். ஒன்றாகப் பூப்பதில் செடிக்கு லாபம் உண்டு: தேனீ ஒரு செடியின் மகரந்தத்தை வேறொரு செடிக்குக் கொண்டுபோக அந்த ஒரு பகல்தான் இருக்கிறது. 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சிக்கு அடுத்து 2030 வரை காத்திருக்கும் நமக்கு ஒன்பது நாள் ஒரு பொருட்டா?

பொருட்டுதான், ஏனென்றால் நடுவில் வேலை நாள் வரும். மழை பெய்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் மறுநாளை ஒன்று என்று எண்ணுங்கள். சனிக்கிழமை மழைக்குப் பூ திங்கட்கிழமை. அலுவலகம் போகும் வழியில் காருக்குள்ளிருந்து பார்த்துப் பெருமூச்சு விடலாம். சனி, ஞாயிறில் பூ வேண்டுமானால் வியாழன், வெள்ளியில் மழை கொட்ட வேண்டும். ஊரில் மழை வேண்டிக் கழுதைக்குக் கல்யாணம் செய்வார்கள். இங்கே கிழமை சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லா மழையும் இதற்கு ஆகாது. தூறல் உதவாது. விடியற்காலை மழையும் நம்பத்தக்கதல்ல, காற்று ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் இறக்கம் குறைவு. 33 டிகிரியிலிருந்து 25-க்கு இறக்கும் மதிய மழையைக் குறித்து வையுங்கள். ஜார்ஜ்டவுனில் கொட்டிய மழை தீவின் மறுபக்கத்துப் பாலிக் பூலாவில் துளிகூட விழாமல் போகும். ஆகவே உங்கள் மரம் நிற்கும் தெருவில் பெய்ததா என்று பாருங்கள். கணக்கு ஒரு நாள் முன்பின் ஆவதும் உண்டு. எட்டாம் நாள் மாலை மொட்டு பருத்து வெளுத்திருந்தால் மறுநாள் உறுதி.

அடுத்தது கடிகாரம். 1982 முதல் தீபகற்ப மலேசியா கிழக்கே உள்ள சபா, சரவாக்கின் நேரத்தையே பின்பற்றுகிறது. அதனால் பினாங்கில் ஆவணிச் சூரியன் ஏழே காலை ஒட்டித்தான் எழும். ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கு எழுந்து போனால் இருட்டில் கொசுக்கடிதான் மிச்சம். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை நல்ல வெளிச்சம். அதற்குப் பிறகு இலை இடுக்கில் விழும் வெயில் பொட்டுப்பொட்டாகப் பூவை எரித்துவிடும்.

வெள்ளைப் பூவில் காமிரா ஏமாறும் இடம் பின்னணி. கரும்பச்சை இலைகள் பின்னால் இருந்தால் காமிரா காட்சியை இருட்டென்று நினைத்து ஒளியைக் கூட்டும். இதழ் சுண்ணாம்புப் பூச்சாகிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் ஒன்றில் வையுங்கள். வானம் பின்னணியானால் நேர்மாறு: பிளஸ் ஒன்று, ஒன்றரை கூட வேண்டியிருக்கும். கிளை உயரத்துக்கு 300 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 800 முதல் 1600. மஞ்சள் தீற்றலில் ஃபோகஸ் வைத்து, பக்கவாட்டிலிருந்து எடுங்கள். பறக்கும் புறாவின் வடிவம் அங்கிருந்துதான் தெரியும். கைப்பேசி என்றால் பூவைத் தொட்டுப் பிடித்து, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

பூ இல்லாத நாட்களுக்குத் தண்ணீர்மலை இருக்கிறது. 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் நாகலிங்கப் பூவைப் பார்த்தால் சிவன் கோயில் பிராகாரம் நினைவுக்கு வராமல் இராது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட மந்திகளும் உண்டு, அவற்றின் கைக்குழந்தைகள் ஆரஞ்சு நிறம். கருத்த உடலுக்குப் பிளஸ் பக்கம் போகாதீர்கள், ரோமத்தின் கறுப்பு சாம்பலாகிவிடும். நெகிழிப் பையைக் கையில் தொங்கவிட வேண்டாம்; நீண்டவால் குரங்கு தின்பண்டம் என்று பிடுங்கிக்கொண்டு போகும். சில ஆண்டுகளில் இந்த மாதங்களில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும். அப்போது தொலைதூரக் காட்சிகளை விட்டுவிட்டு அருகில் இருப்பதை எடுங்கள்.

அருகில் இருப்பது என்றால் எருக்கு. எருக்கஞ்செடி இருந்தால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி வரும், இலைக்கு அடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு புழுவும் இருக்கும். நம்மூர் எருக்கில் மேய்வதும் இதே இனம்தான். இந்த ஊர் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்பவரும் இதை எடுக்கும்போது, விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கப்போய் விரலெல்லாம் பிசுபிசுத்த பாலைத்தான் நினைப்பார். புழுவுக்கு ஃபிளாஷை நேராக அடிக்காமல் வெள்ளைத் தாள் வழியாகப் பரப்புங்கள், லென்ஸ் துவாரம் எஃப்/11 போதும்.

இவ்வளவையும் கெடுப்பது ஈரப்பதம். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் வியர்க்கும். துடைத்தால் மறுபடி வியர்க்கும். கிளம்புவதற்கு அரைமணி முன்பே காமிராவை ஜிப் பையில் மூடி பால்கனியில் வைத்துவிடுங்கள். கொசு மருந்தில் டீட் (DEET) என்ற ரசாயனம் இருந்தால் கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள், பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அது இளக்கிவிடும். வீட்டில் உலர்பெட்டி, அதாவது ஈரத்தைக் குறைத்து வைக்கும் மின்பெட்டி கட்டாயம், உள்ளே 40 முதல் 50 சதவீத ஈரப்பதம். அதற்கு மேல் போகப்போக லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜைக் காலி செய்து மெயின் சுவிட்சையே அணைப்பது நம்மவர் வழக்கம். உலர்பெட்டியும் சேர்ந்து அணைந்துவிடும். லென்ஸை உடன் கொண்டுபோகாவிட்டால், காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் புது சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடிவிட்டுப் புறப்படுங்கள்.