கூப்பிட வருவது யார்?

தக்கலை பக்கம் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் அங்கே பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். ஆனால் கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறைக் கதவு என்றே பேச்சு போகும். அதுவும் பாதுகாப்புதான், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்கு எந்தப் பிள்ளை நிம்மதியாகப் போகும்?

போன கூட்டத்தில் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தைப் பற்றிக் கேட்டேன். எங்கள் ஊரில் பல வீடுகளில் அப்பா வளைகுடாவில், அம்மா முந்திரி ஆலையில். பிள்ளையைக் கூப்பிட மாமா, சித்தப்பா, ஆட்டோக்காரர் என்று யாராவது வருவார்கள். வீட்டுக்கு இரண்டு பேரின் பெயரும் போட்டோவும் டீச்சரிடம் இருக்கட்டும், வேறு யார் வந்தாலும் அம்மாவுக்குப் போன் செய்த பிறகே அனுப்பலாம் என்றேன்.

"எல்லாம் தெரிஞ்ச ஆளுவதானே?" என்றார் ஒரு அண்ணன். பிள்ளைகளிடம் தப்பாக நடப்பவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்கள்தானே அண்ணா!

அப்புறம் ஸ்கூல் பேர் கெடும் என்று இன்னொருவர் இழுத்தார். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தில் அந்தச் சாக்கு செல்லாது. குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. எங்கே சொல்வது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098, இலவசம்தான்.

சரி, டீச்சர் நோட்டு போட்டுவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து நானும் அம்மாவும். தன் பெயர் இல்லை என்று என் தம்பிக்குக் கோபம். இருக்கட்டும்.