சேரிடம் கேட்காமல் விட்டது

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பழைய மாணவர் சங்கத்தில் கேட்டபோது சென் ஜோன்ஸ் கல்லூரியுடன் எங்கள் பள்ளி ஆடும் பெரும் கிரிக்கெட் போட்டியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இது யூன் மாதம். யூன் வந்தால் எனக்கு ஈ.பி.ஆர்.எல்.எவ். இயக்கத் தலைவர் பத்மநாபாவின் நினைவுதான் வரும்.

யாழ் மத்திய கல்லூரியில் எனக்கு இருபது வருசம் முந்தியவர். 1951இல் பிறந்த காங்கேசன்துறைக்காரர். அவர் பள்ளியை விட்ட கையோடு தரப்படுத்தல் வந்தது, தமிழ்ப் பெடியள் பல்கலைக்கழகம் போகக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டிய நிலை, அந்தக் கோபத்தில் மாணவர் பேரவைப் பக்கம் போன தலைமுறை அவருடையது. பிறகு லண்டன், ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட இயக்கம், லெபனானில் பலஸ்தீனரிடம் பயிற்சி, அப்புறம் ஈரோஸிலிருந்து பிரிந்து ஈ.பி.ஆர்.எல்.எவ். (ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி). செயலாளர் நாயகமாக இருந்தும் கூட இருந்தவர்களுக்கு அவர் தோழர் நாபாதான். 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபை அவர்கள் கைக்கு வந்தபோதும் முதலமைச்சரானவர் வரதராஜப்பெருமாள், நாபா பதவி எதையும் எடுக்கவில்லை. அந்தக் குணத்தை நான் மதிக்கிறேன்.

அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. 1989இல், இந்திய இராணுவம் இங்கே நின்ற காலத்தில், அதன் துணையோடு கட்டிய தமிழ்த் தேசிய இராணுவத்துக்கென்று வீதியில் நின்ற பெடியளை எல்லாம் பிடித்துக்கொண்டு போனார்கள். 'பிள்ளைபிடி' என்றுதான் சனம் சொன்னது. மீசை முளைக்காதவனின் தலையை மொட்டையடித்துக் கையில் துவக்கைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? இந்திய இராணுவம் வெளிக்கிட, அவர்களில் எத்தனையோ பேர் அநியாயமாகச் செத்தார்கள். தலைவர் அவர், பொறுப்பும் அவருடையதுதான்.

1990 யூன் 19, சென்னை கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் அவரையும் கூட இருந்த பத்துக்கு மேற்பட்டவர்களையும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு 38 வயது. இங்கே யாழ்ப்பாணக் கோட்டையடியில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை, எங்கள் பள்ளிக்கூடம் கோட்டைக்குக் கூப்பிடு தூரம், படிப்பு எல்லாம் நின்றுபோயிருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், அவரோடு சேர்ந்து பிபிசி தமிழோசை கேட்கப் போவேன். செய்தி முடிந்ததும் சேர் றேடியோவை நிற்பாட்டிவிட்டு முற்றத்தில் போய் நின்றார்.

"உங்களிட்டப் படிச்சவரோ சேர்?"

"ஓம். சத்தம் போடாதை தம்பி, வீட்ட போ."

யாழ்ப்பாணம் அப்போது புலிகளின் கையில். அழுவதென்றாலும் கதவைச் சாத்திவிட்டுத்தான் அழ வேண்டும். அதன்பிறகு சேர் அந்தப் பெயரை என் முன்னால் எடுக்கவே இல்லை, நானும் கேட்கவில்லை. 95 இடம்பெயர்வில் வன்னிக்குப் போனவர் அங்கேயே காலமானார்.

நாபா வகுப்பில் எந்த வாங்கில் இருந்தவர், கணக்கில் கெட்டிக்காரரா, கிரிக்கெட் பார்க்க வருவாரா, ஒன்றும் நான் கேட்டு வைக்கவில்லை. அவரோடு படித்த அண்ணைமார் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால், அடுத்த மலருக்கு இரண்டு வரியாவது எழுதி அனுப்புங்கள்.