பெரம்பூர்த் தண்ணீரும் இரண்டடித் தொட்டியும்

வடசென்னையில் வீட்டில் மீன் வளர்க்க ஆசைப்படுபவருக்குக் கொளத்தூர் பக்கத்தில் இருப்பது வசதிதான். ஆனால் அதுவே அவசரத்துக்கும் காரணமாகிவிடுகிறது. வண்ண மீன் வளர்ப்புக்கும் மொத்த விற்பனைக்கும் பெயர்பெற்ற அந்தத் தெருக்களுக்குப் போனால் தொட்டி, கல், மோட்டார், மீன் என அனைத்தையும் ஒரே காலையில் வாங்கி, மாலைக்குள் விளக்குப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று தோன்றும். பெரம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் தொட்டி வைப்பது என்று முடிவானபோது, தொட்டிக்கும் மீனுக்கும் இடையே குறைந்தது ஒரு மாத இடைவெளி விடுவது என்ற ஒன்றை மட்டும் வீட்டாரிடம் கறாராகச் சொல்லி வைத்தேன்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டியை வாங்கினோம். விளிம்புவரை நிரப்பினால் அதில் ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். கல், கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் எடை 80 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால், மாடி வீட்டில் அறையின் நடுவில் வைக்காமல் சுவரையொட்டி வைப்பதே நல்லது. ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தெர்மாகோல் அட்டை ஒன்றை விரித்து, அதன்மேல் தொட்டியை இறக்கினோம். தரையில் சிறு மேடுபள்ளம் இருந்தாலும் கண்ணாடியின் ஒரே மூலையில் பாரம் இறங்காமல் அந்த அட்டை பார்த்துக்கொள்ளும்.

என்ன மீன் என்பதை எங்கள் வீட்டுக் குழாய்தான் முடிவு செய்தது. எங்களுக்கு மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் உண்டு. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளைப் புண்ணாக்கும், வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் சாதாரணக் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு, சோடியம் தயோசல்பேட் கலந்த ஆன்டி-குளோரின் சொட்டுகள் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. போர் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை, ஆனால் கடினத்தன்மை அதிகம். எங்கள் குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புக்கறையே அதற்குச் சாட்சி. கோடையில் மெட்ரோ தண்ணீர் சுருங்கிவிட்டால் போர் தண்ணீரைத்தான் ஊற்றியாக வேண்டும். ஆகவே கிடைக்கும் தண்ணீரில் மோசமானதை எந்த மீன் தாங்குமோ, அதையே வாங்குவது என்று தீர்மானித்தேன். நியான் டெட்ரா அழகில் யாரையும் மயக்கும் என்றாலும், அமேசான் பகுதியின் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட தண்ணீர் அதன் பூர்வீகம். சென்னைச் சூடும் அதற்கு அதிகம். கப்பி, பிளாட்டி ஆகிய இரண்டும் கடின நீரில் தெம்பாகவே இருக்கும். ஹீட்டரும் தேவையில்லை; நம் ஊருக்கு அதை ஏன் விற்கிறார்கள் என்பதே எனக்கு வியப்பு.

கல்லைக் கழுவிப் பரப்பி, தண்ணீர் நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்ட பிறகு தொடங்கியது காத்திருப்பு. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சும் தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் சிறிதளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. மூன்றாவதை அவ்வப்போது தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும் என்பதால், குளிர்ப் பிரதேசத்தாரைவிட நமக்கு இதில் கவனம் அதிகம் வேண்டும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீவனத்தைப் போட்டு அழுகவிட்டேன். "மீனே இல்லாம யாருக்குப்பா சோறு போடுற?" என்று அம்மா கேட்டதற்கு விளக்கம் சொல்லிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டேன். கொளத்தூர்க் கடைக்காரர் ஒருவர், "இத தொட்டியில ஊத்துங்க தம்பி, சீக்கிரம் செட் ஆகும்" என்று தம் பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். அந்த அழுக்கில்தான் பாக்டீரியா இருக்கிறது; அதனாலேயே ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். சொட்டு மருந்துச் சோதனையில் அம்மோனியா ஏறி இறங்கியது. அடுத்து நைட்ரைட் ஏறி, அதுவும் இறங்கியது. இரண்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகே மீன் வாங்கக் கிளம்பினேன்.

ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் சில கப்பிகளை மட்டும் முதலில் வாங்கினேன். பாக்டீரியாவின் அளவு கழிவின் அளவைப் பொறுத்தது. ஒரே நாளில் இருபது மீனை விட்டால் அது ஈடுகொடுக்காது. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பம் சமமான பிறகு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்துவிட்டேன். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதில்லை. பிளாட்டிகள் சில வாரம் கழித்து வந்தன. பாசியைத் தின்னும் என்று சக்கர் மீனையும் காட்டினார்கள். அது ஓரடிக்கு மேல் வளரும், என் தொட்டியின் அகலமே ஓரடிதான் என்று மறுத்துவிட்டேன். அப்படி வளர்ந்ததை வளர்க்க முடியாமல் ஏரியில் விட்டவர்களால் அந்த அயல் மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களுக்கு இடைஞ்சலாகியிருக்கிறது.

கத்திரி வெயிலில் தண்ணீர் சூடேறும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. மூடியைத் திறந்து, சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசவிட்டால் ஆவியாதலால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே குறைந்ததை நிரப்புவது தண்ணீர் மாற்றுவதாகாது. வாரம் ஒரு முறை கால் பங்கை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். மின்தடை நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று இருக்கிறது. எந்த ஏர் பம்பையும் நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் திரும்பி இறங்கிப் பம்பைக் கெடுத்துவிடும்.

கப்பி குட்டி போடும் மீன். பெண் கப்பி ஒருமுறை இணைந்தால் அடுத்தடுத்துப் பல ஈற்றுக்கு அதுவே போதுமானது; பெண்களை மட்டும் வாங்கினால் பெருகாது என்ற கணக்கு இங்கே செல்லாது. வேலம்பாசி அடர்ந்த மூலையில் ஒளிந்து பிழைத்த குஞ்சுகள் வளர்ந்து நெருக்கடியானதும், அவற்றைப் பையில் போட்டு அதே கொளத்தூர்க் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தீவனப் பொட்டலம் வாங்கிக்கொள்கிறேன்.